அந்த வேஷத்தைப் பற்றி

ராசா,

மூன்று கிழமையாக நான் போனில் சாப்பிட்டாயா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். குறும்படத்தில் ஆணைக் காதலிக்கிற ஆணாக நடிக்கக் கேட்டிருக்கிறார்கள் என்று நீ ஆசையாகச் சொன்னபோது, "முதல் வேஷமே அதுவா" என்று என் வாயில் வந்துவிட்டது. நீ ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாய். கதைக்கத் தொடங்கினால் எனக்கு அழுகை வரும், அதுதான் எழுதுகிறேன்.

நீ அன்றைக்குச் சொன்ன பெயரைத் தங்கச்சியிடம் எழுதி வாங்கினேன், ஃபெலிக்ஸ் மரிதோ. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நடித்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் ரொபான் கம்பியோ எடுத்த '120 துடிப்பு', 2017 இல் கான் விழாவில் கிரான் ப்ரீ வாங்கியதே, அது. அதில் அவருக்கு மாக்ஸ் என்று ஒரு சின்னப் பாத்திரம்தான். ஆனால் நான் அவரை மறந்துவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அது 90களின் தொடக்கத்துப் பாரிஸ், நானும் அப்பாவும் வந்திறங்கிய பாரிஸ். 1993 டிசம்பர் 1 ஆம் தேதி கொன்கோர்த் சதுக்கத்துத் தூணுக்கு எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ஆக்ட் அப் அமைப்பு ஆட்கள் பெரிய இளஞ்சிவப்பு ஆணுறை ஒன்றை மாட்டினார்கள். நான் அலுவலகம் துடைத்துவிட்டு வந்து, லாச்சப்பலில் ஒரு கடை டிவியில் அதைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டேன். ஊரில் சாகிற பிள்ளைகளை நினைத்து இரவிரவாக அழுத காலம் ராசா அது. இங்கே பக்கத்துத் தெருவில் உன் வயதுப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை, தெரிந்துகொள்ள நினைக்கவும் இல்லை.

அப்புறம் 'சோவாஜ்'. அதைத் தங்கச்சி வேலைக்குப் போனபிறகு தனியாகப் பார்த்தேன். இரண்டு தடவை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன், உண்மையைச் சொல்கிறேன். தெருவில் உடம்பை விற்கிற 22 வயதுப் பையன், நீ இருக்கிற ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில். நடுவில் அவன் ஒரு டாக்டரம்மாவிடம் போகிறான். அவர் இருமலைக் கேட்டு, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, போதைப்பொருளை விடலாமே என்கிறார், அவனுக்கு அது ஏன் என்றே விளங்கவில்லை. பிறகு அப்படியே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறான், விடவே இல்லை. தொட்டவர்கள் எல்லோரும் காசு கொடுத்துத் தொட்ட உடம்பு அது. அந்த இடத்தில் மரிதோ முகத்தால் ஒன்றுமே செய்யவில்லை, பாரம் முழுவதையும் அந்த அம்மாவின் தோளில் இறக்கிவிட்டார். எனக்கு உடனே உன்னைப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

அந்தப் படத்தின் இயக்குநர் விடால் நக்கேக்கு அது முதல் முழுநீளப் படம், அதற்காக மூன்று வருஷம் ஒரு சங்கத்தோடு சேர்ந்து இரவில் புவா து பூலோஞ் காட்டுப்பக்கம் போய் அங்கே நிற்கிற பையன்களோடு பழகியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் நடிக்கக் கிடைப்பதே பெரிய விஷயம். 2018 மே மாதம் கானில் விமர்சகர் வாரம் என்ற பிரிவில் மரிதோவுக்கு எழும் நட்சத்திரம் என்ற விருது இதற்குத்தான். அதே கானில் போட்டிப் பிரிவில் அவர் வனேசா பரடியோடு நடித்த, யான் கொன்சலெஸ் எடுத்த படமும் இருந்தது, அதே வருஷம் ஆர்த்தே டிவிக்கு 'ஜோனாஸ்'. பிரான்ஸின் பெரிய சினிமா விருதான செசாரில், அடுத்த வருஷம் இளம் நடிகருக்கான கடைசி ஐந்து பேரில் அவர் பெயர் இல்லை என்று படித்து எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருஷம் '120 துடிப்பு' படத்தில் எய்ட்ஸோடு போராடுகிற ஷோனாக நடித்த நவேல் பெரெஸ் பிஸ்காயார்த்துக்கு அதே விருதைக் கொடுத்திருக்கிறார்கள். அவரோடு நடித்த ஆர்னோ வலுவா அதற்கு முன் நடிப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டு மசாஜ் செய்கிற வேலைக்குப் போனவராம்.

முத்திரை குத்திவிடுவார்கள் என்ற என் பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மாக்ஸும், அந்தத் தெருப் பையனும், துலோனில் பழைய காயத்தோடு அலைகிற ஜோனாஸும் எனக்கு ஒரே ஆளாகத் தெரியவில்லை, மூன்று வீட்டுப் பிள்ளைகளாகத்தான் தெரிந்தார்கள். உனக்குக் கொடுத்திருக்கிற அந்தப் பையன் யார்? என்ன வேலை செய்கிறான், கோபம் வந்தால் என்ன செய்வான், அவனுக்கு அம்மா இருக்கிறாளா? கதையை அனுப்பு, தங்கச்சி வாசித்து எனக்குச் சொல்லுவாள். அது நல்லதாக இருந்தால் நடி. சம்பளச் சீட்டு தருவார்களா என்றும் கேள், வேலையில்லாத நாட்களுக்கான கொடுப்பனவு கிடைக்க 507 மணித்தியாலம் சேர்க்கவேண்டும் என்று நீதானே புலம்புகிறாய்.

இன்னொன்று. நீ வேஷத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னாயா, உன்னைப் பற்றியும் ஏதாவது சொல்லப் பார்த்தாயா என்று இந்த மூன்று கிழமையும் யோசித்தேன். நானாக அதைக் கேட்கமாட்டேன். சொல்லவேண்டும் போல இருந்தால் எந்த நேரத்திலும் எடு, நடு இரவு என்றாலும் சரி. இந்த முறை நான் தலையைத் திருப்பமாட்டேன்.

அப்பாவிடம் நான் கதைக்கிறேன், அதை என்னிடம் விடு. ஷூட்டிங் எந்தத் தேதி என்று மட்டும் முதலே சொல்லு, வேலையில் லீவு கேட்கவேண்டும். பாரிஸ் கார் து லெஸ்ட் ஸ்டேஷனிலிருந்து ரெயிலில் ரெண்டு மணி நேரம்கூட இல்லை, வருகிறபோது கணவாய்க் கறி கொண்டுவருகிறேன், உன்னோடு நடிக்கிற பையனுக்கும் சேர்த்து.

அம்மா