ஒரே நாளில் ஐந்து ஃபெரி

அன்பு மகனுக்கு,

உன் பயணத் திட்டத்தை அக்கா அனுப்பிவைத்தாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் கேட்டு வாங்கினேன். அழகாகப் போட்டிருக்கிறாய். கிலோமீட்டர், மணி, ஃபெரிக் கட்டணம், எந்த ஊரில் கோப்பி என்று ஒன்றையும் விடவில்லை. அப்பாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஹம்பர்க்கிலிருந்து டென்மார்க்கின் வடக்கே உள்ள ஹிர்ட்சால்ஸ் துறைமுகம் வரை 500 கி.மீ.க்கு மேல். அன்றைக்கே கப்பலைப் பிடித்து இரவில் நோர்வேக் கரையில், கிறிஸ்டியான்சானில் இறங்குவதாக எழுதியிருக்கிறாய். அந்தக் கப்பலுக்கு முன்பதிவு வேண்டும். பிந்தினால் காத்திருக்க மாட்டார்கள். கடக்க மூன்றேகால் மணி நேரம் ஆகும், அதில் படுத்துத் தூங்கு. தூக்கத்தை மிச்சம் பிடித்து நீ எதைச் சேர்த்தாய் என்று எனக்குத் தெரியாது, ராசா. முதல் நாள் இரவும் தூங்கு.

இறங்கும்போது சுங்கச் சோதனை இருக்கலாம். டென்மார்க் கடையில் வாங்கிய இறைச்சியும் சீஸும் ஆளுக்குப் பத்துக் கிலோ வரை பரவாயில்லை, உருளைக்கிழங்கு மட்டும் கூடாது. பகலிலும் காரின் விளக்கு எரிய வேண்டும். இரத்தத்தில் மதுவின் அளவு 0.2 பெர் மில்லைத் தாண்டினால் குற்றம். அதாவது ஒரு கிளாஸ் பியர் குடித்தாலும் சாவியைத் தொடாதே. இங்கே பிறந்து வளர்ந்த உனக்கு இதெல்லாம் தெரியும். உன்னோடு வருபவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவரும் கார் ஓட்டுவார் என்றால் சொல்லிவை.

அதன் பிறகு ஈ-39 வீதிதான். ஸ்டவாங்கருக்கும் பேர்கனுக்கும் இடையில் இரண்டு ஃபெரி. முதலாவதான மோர்ட்டவிக்காவில் மேல் தளத்துக்கு ஏறி நின்று பார். அங்கே கடலுக்கு அடியில் 27 கி.மீ. சுரங்கம் தோண்டுகிறார்கள், முடிந்ததும் அந்த ஃபெரி நின்றுவிடும். எங்கள் மொல்டேக்கும் சுரங்கமும் பாலமும் வருகிறது, வருகிறது என்று எத்தனையோ காலமாகச் சொல்கிறார்கள். நான் வேலையில் சேர்ந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

இந்த ஃபெரிகளுக்கு முன்பதிவு கிடையாது. வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் கமரா வாகன எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளும். காருக்குத்தான் கட்டணம், ஆட்களுக்கு இல்லை. ஆட்டோபாஸ் ஃபெரிக் கணக்குத் திறந்து முன்பணம் கட்டினால் பாதி விலை. நீ முழு விலையில் கணக்குப் போட்டிருக்கிறாய். காசை இப்படி வீசுகிறவன் அல்லவே நீ! ஹம்பர்க் சம்பளம் பழக்கிவிட்டதோ?

இனிப் பேர்கனிலிருந்து புறப்படும் நாளுக்கு வருகிறேன். ஓப்பெடால், அன்டா, ஃபெஸ்ட்டோயா, வெஸ்ட்னெஸ், கானெஸ்ட்ரோம். ஐந்து ஃபெரி. இரவு தங்குமிடம் டிரொண்ட்ஹைம் என்று எழுதியிருக்கிறாய். இது நடக்காது மகன். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டாலும் மொல்டே இறங்குதுறையில் கால் வைக்க மாலை நான்கு மணி ஆகிவிடும். அங்கிருந்து இன்னும் 200 கி.மீ.க்கு மேல், நடுவில் ஒரு ஃபெரி. ஆகஸ்டில் பொழுது சாயும் நேரம் எல்க் மான் வீதிக்கு வரும். பெரியண்ணாவின் கார் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். அந்த ஒரு நாளை மட்டும் இரண்டாகப் பிரி. எங்கே பிரிப்பது என்று நான் சொல்லவில்லை. வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

இன்னொன்று, துறையில் அவசரப்படாதே. அந்த வெஸ்ட்னெஸ் ஃபெரியின் கோப்பிக்கடையில் ஸ்வேலே அப்பம் சுட்டுக்கொண்டே எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். ஃபெரி புறப்படப்போவதைக் கண்டு மேட்டிலிருந்து விரட்டிக்கொண்டு வருவார்கள், தடுப்பு முகத்துக்கு நேரே விழும். பகலில் அரை மணி நேரத்துக்குள் அடுத்தது வந்துவிடும். உள்ளே ஏறியதும் கைப்பிரேக்கைப் போட்டு கியரில் விடு. கரை நெருங்குகிறது என்று அறிவித்தால் கோப்பியை வைத்துவிட்டுக் காருக்குப் போ. சாரதி இல்லாத ஒரு கார் முன்னால் நின்றால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் உன் பரம்பரையைத் திட்டுவார்கள். அந்தப் பரம்பரையில் நானும் இருக்கிறேன்.

இப்போது அங்கே நிற்கிற பிள்ளைகள் ஸ்வேலேயைப் பேப்பர்போல மெல்லியதாகச் சுடுகிறார்கள் என்று கேள்வி. கையளவு அகலமாக, தடிப்பாகச் சுட்டு, பழுப்புச் சீஸ் வைத்து மடித்துத் தந்தால்தான் அது ஸ்வேலே. உன்னோடு வருபவருக்கு ஒன்று வாங்கிக் கொடு. பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைசி மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்தாயே, அதையும் சொல். அந்த மேசையில் படித்த பிள்ளை இன்று எஞ்சினியர் என்று நான் சொல்லாத ஆள் அந்தக் கப்பலில் இல்லை. நீ போன் எடுப்பதில்லை என்பதை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

விளக்கீட்டு இரவைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தை எடுக்கவில்லை. அன்று அப்பா பேசியது அப்பா பேசியது. அவருக்கு முழங்கால் நோகிறது, கதவைப் பார்த்தபடி இருக்கிற கதிரைக்கு மாறிவிட்டார். போன ஞாயிறு கராஜைத் துப்புரவாக்கி, தன் காரை வெளியே நிறுத்தத் தொடங்கியிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆகஸ்டில் மழை வரும் என்று முணுமுணுத்தார், அவ்வளவுதான்.

திரும்பவும் சொல்கிறேன், அந்த நாளை இரண்டாகப் பிரி. டிரொண்ட்ஹைம் ஹோட்டலை இப்போதே ரத்துச் செய்தால் காசு திரும்பக் கிடைக்கும், பிந்தினால் கிடைக்காது. துறையில் அவசரப்படாதே. முதல் நாள் தூங்கு.

எனக்கு எழுத நேரமில்லை என்றால் அக்காவிடமாவது சொல்லிவிடு: உன்னோடு வருபவர் மீன் சாப்பிடுவாரா? சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைக்கலாம். ஆனால் இங்கே கத்தரிக்காய் நல்லதாகக் கிடைக்கிற கடை வெள்ளிக்கிழமை மட்டும்தான் எடுக்கிறது, அதனால் வியாழனுக்கு முன் தெரிய வேண்டும்.

அம்மா