அலுமாரிக்குள் நுணுக்குக்காட்டி, கொப்பிக்குள் செய்முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்தாம் ஆண்டு படிக்கும் மகளின் விஞ்ஞானக் கொப்பியில் இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அழகாக எழுதப்பட்டிருக்கிறது, முடிவு கருநீலம், பக்கத்தில் சிவப்புப் பேனையால் சரி. செய்து பார்த்தீர்களா என்று கேட்டால் இல்லையாம், ரீச்சர் சொல்லச் சொல்ல எழுதினார்களாம்.

ரீச்சரில் பிழை சொல்ல மனம் வரவில்லை. செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, அப்புறம் வெயில் காட்டி, இலையை நீரில் அவித்து, மதுசாரத்தில் பச்சையத்தைப் போக்கி (அதை நேரே நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும், சுடுநீருக்குள் இறக்கித்தான் சூடாக்க வேண்டும்), கழுவி, அயடீன் விட்டுப் பார்ப்பதற்கு நாற்பது நிமிடப் பாடவேளை எந்த மூலைக்கு? சாதாரண தரப் பரீட்சையும் செய்முறையைத் தாளில்தான் கேட்கிறது, பாடமாக்கினால் புள்ளி வந்துவிடும். பிறகு யார் மெனக்கெடுவார்கள்?

விஞ்ஞானத்துக்கு வாரத்தில் ஒருநாளாவது இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துப் போடுங்கள். நேரசூசியை மாற்றக் காசு தேவையில்லை.

பழுதாகிவிடும் என்று நுணுக்குக்காட்டியைப் பூட்டி வைப்பதும் வேண்டாம். கடற்காற்று அடிக்கும் ஊரில் காற்றுப் படாத அலுமாரிக்குள் கிடக்கும் வில்லையில்தான் பூஞ்சணம் பிடிக்கும். அது இல்லாமலும் எவ்வளவோ செய்யலாம். மீன் சந்தையில் ஒரு பாரைத் தலை வாங்கி, செவிள் மூடியைத் தூக்கி, உள்ளே சீப்புப் போல இருக்கும் சிவப்பு இழைகளை வெட்டி ஒரு கிண்ணம் தண்ணீரில் விடுங்கள், பிரிந்து விரியும். வெளியே எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கரையில் போட்ட மீன் காற்று இருந்தும் ஏன் மூச்சுத் திணறுகிறது என்பதை அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. மிச்சத் தலை குழம்புக்கு.

கிண்ணியாப் பக்கம் போனால் கண்டல் காடு இருக்கிறது. சேற்றுக்கு மேலே குத்திக்கொண்டு நிற்கும் சுவாச வேர்களையும், மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நாற்றுகளையும் பிள்ளைகள் புத்தகப் படத்தில் பார்க்கிறார்கள். சுற்றுலா என்று புறாமலைத் தீவுக்குப் போய் முருகைக்கல்லை மிதித்துவிட்டு வருவதைவிட, ஒரு காலைப் பொழுது இந்தக் கண்டல் பக்கம் போய்வரலாமே.

அடுத்த தவணை நேரசூசி போடும்போது அதிபர்மார் இதை யோசிக்க வேண்டும், வலயக் கல்விப் பணிமனைகளும் மறிக்காமல் விட வேண்டும். அயடீனுக்கும் மதுசாரத்துக்கும் ஆகும் செலவைப் பெற்றோர் நாங்கள் சேர்த்துத் தருவோம்.

ஒரு பெற்றோர்,
உப்புவெளி, திருகோணமலை