அத்தான் மெலிவது உன் சமையலால் இல்லை, அக்கா

அன்புள்ள அக்கா,

அத்தானுக்கு எடை குறைவதற்கு உன் கவனிப்பில்தான் ஏதோ குறை என்று திரும்பத் திரும்ப எழுதுகிறாய். இல்லவே இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

புற்றுநோயில் வரும் இந்த மெலிவை மருத்துவர்கள் கேக்கெக்சியா என்கிறார்கள். வழக்கமான ஊட்டச்சத்தை மட்டும் கொடுத்து இதை முழுதாகத் திருப்ப முடியாது என்பது 2011-இல் பல நாட்டு நிபுணர்கள் வகுத்த வரையறையிலேயே இருக்கிறது. பட்டினி கிடந்தால் உடல் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகிக்கொள்ளும், ஆனால் இங்கே கட்டியும் அதனோடு மல்லுக்கட்டும் நோயெதிர்ப்பு செல்களும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்களை, அதாவது உடலின் தற்காப்பைத் தூண்டிவிடும் புரதங்களை, ஓயாமல் விட்டுக்கொண்டே இருப்பதால், கொழுப்பு செல்கள் சேர்த்து வைத்ததை உடைத்து ரத்தத்தில் கொட்டுகின்றன, புதிதாகச் சேர்ப்பதும் குறைகிறது. நோய் தொற்றிய விலங்குகள் ஏன் இப்படி மெலிகின்றன என்று தேடிப்போன ஒரு குழு கடைசியில் வந்து சேர்ந்ததும் இதே டிஎன்எஃப்-இடம்தான், 1985-இல்.

கொழுப்புத் திசுவும் அப்படியே இருப்பதில்லை. செல்கள் சுருங்குகின்றன, அழற்சி செல்கள் உள்ளே வருகின்றன, நார்த்தன்மை கூடுகிறது. சேமிக்க வேண்டிய வெள்ளைக் கொழுப்பில் ஒரு பகுதி, சக்தியை வெறும் வெப்பமாக எரிக்கும் பழுப்புக் கொழுப்பைப் போல மாறுவதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது.

கொழுப்பு போனால் போகட்டும், நல்லதுதானே என்று சிலர் உன்னிடம் சொன்னார்களாமே, அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கொழுப்பை உடைக்கும் ஏடிஜிஎல் என்ற நொதி இல்லாத எலிகளுக்குக் கட்டி இருந்தும் கொழுப்பு மட்டுமல்ல, தசையும் பெரும்பாலும் தப்பியது என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆக, கொழுப்பில் நடப்பது தசையையும் தொடுகிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எடைக் கணக்கை எழுதி எடுத்துப் போ. ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதைத் தனியாக எடுத்துச் சொல். உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்களா, உணவியல் நிபுணரைப் பார்க்க முடியுமா, அத்தான் உடம்புக்கு எந்த அளவு உடற்பயிற்சி சரி என்றும் கேள். அப்புறம், சாப்பிடச் சொல்லி அவரிடம் சண்டை போடாதே, அக்கா. பசியை அடக்குவதும் இந்த அழற்சிதான், அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை.

அன்புடன்,
உன் தம்பி