மூலிகைத் தேநீர் என்றாலே வயிற்றுக்கு நல்லதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வயிறு சரியில்லையா, காபியை விட்டு மூலிகைத் தேநீருக்கு மாறுங்கள் என்று உங்கள் உடல்நலப் பக்கத்தில் பொதுவாக எழுதியிருந்தீர்கள். பல வருடமாக வயிற்றோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த மூலிகை எந்தத் தொந்தரவுக்கு என்று பிரித்துச் சொல்லாவிட்டால் அந்த யோசனையே சிலருக்கு வினையாகிவிடும்.

புதினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். குடல் தசையை அது தளர்த்துவதால் வயிறு பிடித்து இழுக்கிறவர்களுக்கு இதமாக இருக்கும், சரி. ஆனால் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இருக்கும் தசையையும் அது தளர்த்திவிடக்கூடும், அப்போது அமிலம் மேலே ஏறும். நெஞ்செரிச்சல் உள்ளவர் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதைக் குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் போய்விடும். சோம்பு, சீமைச்சாமந்தி (கேமோமைல்) தேநீரை ரொம்ப நேரம் ஊறவிட்டால் ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகை நீரில் இறங்கும், குடல் எரிச்சல் நோய் உள்ள பலருக்கு அதனால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். இஞ்சி குமட்டலுக்கு நல்லதுதான், திக்காகப் போட்டால் அதுவும் நெஞ்சை எரிக்கும்.

காபியிலும் காஃபினை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, காஃபின் நீக்கிய காபியும் பெருங்குடலைத் தூண்டும். வெறும் வயிற்றில் கடுந்தேநீர் குமட்டினால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் காரணமாக இருக்கலாம். கொஞ்சம் பால் சேர்த்தால் அது மட்டுப்படும், ஆனால் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதவருக்கு அந்த வழியும் அடைபட்டது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது உடல் மெலிய, குடலைச் சுத்தம் செய்ய என்று விற்கிற தேநீர்களைப் பார்த்துத்தான். முன்பக்கம் பச்சை இலைப் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் சென்னா. அது நிலாவாரை, மலமிளக்கி மருந்து. நாள்கணக்கில் தொடர்ந்து குடித்தால் வயிற்றுப்போக்கும் வலியும் வரும், உடம்பில் பொட்டாசியம் குறையும், குறைந்ததாகத் தெரிகிற எடையும் பெரும்பாலும் தண்ணீர்தான். ஏற்கெனவே நொந்துபோன வயிற்றுக்கு இதையா கொடுப்பது?

அடுத்த முறை எழுதும்போது இதைப் பிரித்து எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பானத்தை, லேசாகப் போட்டு, சில நாள் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இரண்டில் ஒன்று இருந்தாலும் தேநீர் தேடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்