அக்காவுக்கு, ஃபுஜிசாவாவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதோடு சித்தப்பா மடித்து வைத்திருந்த பவர் பத்திர மாதிரியும் வந்தது, அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம்தான், ஆனால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள், சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார், உனக்குத் தெரியாததா.

நான் நன்றாக இருக்கிறேன். ஜப்பான் என்றாலும் அம்மா பயப்படுகிற அளவுக்கு இங்கே குளிர் இல்லை. கடலோர ஊர், பனி விழுவது அபூர்வம், காற்றுதான் காதைப் பிய்க்கும். அறையில் ஹீட்டர் இருக்கிறது, அதன் இரைச்சலில் தூக்கம் கெடுகிறது என்று நான்தான் போடுவதில்லை. சாப்பாட்டுக்கும் குறையில்லை. வேலை செய்கிற இல்லத்தில் மாலை ஷிஃப்ட் முடித்து வரும் நேரத்துக்கு சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், டோஃபு, கீரை, மீன் எல்லாம் நல்ல சாமான்தான். அரிசிதான் 2025-இல் படுத்திவிட்டது, 5 கிலோ பை 4000 யென்னைத் தாண்டியது, முந்தின வருஷம் ஏறக்குறைய அதில் பாதிதான். அதனால் இப்போது நூடுல்ஸ் அதிகம் சாப்பிடுகிறேன், பிடித்துத்தான் சாப்பிடுகிறேன்.

எங்கள் கட்டடத்து மூலை அறையில் இருக்கிற ஜப்பானிய அம்மா இன்னும் குப்பையைக் கிண்டுகிறாரா என்று கேட்டிருந்தாய். கிண்டுகிறார். பிளாஸ்டிக் எடுக்கிற நாளில் தயிர் டப்பாவைக் கழுவாமல் போட்டேன் என்றால் அது கழுவித் துடைத்து என் வாசலுக்கே திரும்பிவரும், மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எழுபது வயது தாண்டியாயிற்று, வீட்டுக்காரர் போய்ச்சேர்ந்து பல வருஷமாகிறது, மகன் ஒசாகாவில். எதிர்ப்பட்டால் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு உடனே என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பார், என் பதில் பிடிக்காவிட்டால் முகம் சுளிப்பார். இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் நூடுல்ஸ் என்று மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் கொதாத்சுவில் உட்கார வைத்துவிட்டார். கொதாத்சு என்றால் தாழ்ந்த மேஜை, அடியில் மின்சாரச் சூடு, மேலே ரஜாய் போர்த்தியிருக்கும், காலை உள்ளே நீட்டினால் எழுந்திருக்கவே மனசு வராது. அன்றிலிருந்து லீவு நாளில் அங்கேதான் இருக்கிறேன். ஜப்பானிய மொழியும் கொஞ்சம் வாசிக்கப் பழகிக்கொள்ளலாம் என்பது ஒரு சாக்கு.

அந்த அறை முழுக்கக் காமிக்ஸ், அக்கா. சுவர் தெரியாது. அத்தனையும் யூரி, அதாவது பெண்ணும் பெண்ணும் காதலிக்கிற கதைகள். பதறாதே, ஒளித்து விற்கிற சமாச்சாரம் இல்லை. இங்கே அது தனி வகை, புத்தகக் கடையில் அதற்கென்று அலமாரி, 2005-இலிருந்து ‘காமிக் யூரி ஹிமே’ என்று அதற்கென்றே ஒரு இதழ். இப்போது மாதாமாதம் 18-ஆம் தேதி வருகிறது. அன்றைக்கு இந்த அம்மா நல்ல கோட்டு போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போய், கடைக்காரப் பையன் போட்டுத் தருகிற காகித உறையோடு வாங்கி வருவார். பெண்கள் மட்டும் படிப்பது என்றும் நினைக்காதே, ஆண்களும் நிறையப் படிக்கிறார்கள். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினால் மட்டும் என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்.

அவருக்குப் பிடித்தது பழைய கதைகள். பெண்கள் பள்ளிக்கூடம், விடுதி, மூத்த மாணவி, இளைய மாணவி, ரகசியக் கடிதம், மார்ச் மாதம் பட்டமளிப்பு, கண்ணீர், முடிந்தது. இந்த மரபுக்கு வேர் யோஷியா நொபுகோ என்கிற எழுத்தாளர். 1916-இல் ‘ஹனா மொனோகதாரி’ என்று ஒரு கதைத் தொடர் ஆரம்பித்தார், ஒவ்வொரு கதைக்கும் ஒரு பூவின் பெயர். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பெண்கள் அதைப் படித்துவிட்டு அதே பாணியில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்களாம். பெரியவர்களும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, எப்படியும் படிப்பு முடிந்ததும் கல்யாணம் ஆகிவிடும் என்ற தைரியம். காமிக்ஸில் இந்த வகைக்கு முதல் கதை என்று பலரும் சொல்வது 1971-இல் யாமாகிஷி ரியோகோ வரைந்தது, பிரான்சில் ஒரு விடுதிப் பள்ளி, கடைசியில் ஒருத்தி செத்துப்போகிறாள். அப்புறம் வெகுகாலம் அப்படித்தான், ஒன்று சாவு, இல்லாவிட்டால் கல்யாணம். 1998-இல் கொன்னோ ஓயுகி எழுத ஆரம்பித்த ‘மரியா-சாமா கா மிதேரு’ நாவல்கள் பெரிய வெற்றி, 2004-இல் அனிமேயாகவும் வந்தது, ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை அப்படித்தான் சொல்வார்கள். அது ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி, மூத்த மாணவி தன் ஜெபமாலையை இளையவள் கழுத்தில் போட்டால் அவர்கள் அக்கா தங்கை ஆகிவிடுவார்கள். நம் பள்ளிக்கூட சிஸ்டர்கள் இதைப் பார்த்திருந்தால் அசெம்பிளியிலேயே முட்டி போட வைத்திருப்பார்கள்.

எனக்கும் அந்த அம்மாவுக்கும் சண்டை வருவது இங்கேதான். பிரிந்தால்தான் அழகு என்கிறார் அவர், சேர்ந்துவிட்டால் அப்புறம் குப்பையும் கரண்டு பில்லும்தானே மிச்சம் என்கிறார். எனக்கு அந்தக் குப்பையும் பில்லும்தான் வேண்டும். பதினாறு வயதில் யாருக்குத்தான் அழுகை வராது, முப்பத்தெட்டு வயதில் என்ன ஆனார்கள் என்று சொல் பார்ப்போம் என்பேன். அவர் வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஒரு ஆரஞ்சை உரித்து என் பக்கம் தள்ளிவிடுவார்.

இதில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு, ஷிமுரா தகாகோ வரைந்த ‘அஓய் ஹானா’. காமகுராதான் களம், 2009-இல் அனிமே. சின்ன வயதுத் தோழிகள் இரண்டு பேர் உயர்நிலைப் பள்ளி வயதில் மறுபடி சந்திக்கிறார்கள். அதில் வருகிற எனோதென் ரயில் இங்கே ஃபுஜிசாவாவிலிருந்து காமகுராவுக்குப் போவது, மொத்தம் 10 கிலோமீட்டர்தான், சில இடத்தில் வீடுகளை உரசிக்கொண்டு போகும், திடீரென்று கடல் வரும். ஃபுமி என்கிற பெண் எதற்கெடுத்தாலும் அழுவாள், உன்னைப் போலவே. அது கடைசியில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியும் போகிறது என்பதால் எனக்குப் பிடித்தது.

ஆனால் நான் உண்மையாகவே விழுந்தது ‘த்சுகுதாபே’யில்தான், முழுப்பெயர் ரொம்ப நீளம், யுசாகி சகாஓமி வரைந்தது, 2022-இல் என்எச்கே தொலைக்காட்சி நாடகமாகவே எடுத்தது, 2024-இல் இன்னொரு பாகமும் வந்தது. பள்ளிக்கூடம் கிடையாது, ஜெபமாலை கிடையாது. வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், ஒரே மாடியில் தனித்தனி வீடு. நொமோதோவுக்குச் சமைக்கப் பிடிக்கும், தனியாளாகச் சாப்பிட்டு முடிக்க முடியாது. கசுகாவுக்கு எவ்வளவு போட்டாலும் இறங்கும். ஒரு ஓட்டலில் கசுகா பொம்பளை என்பதற்காகவே சோற்றைக் குறைத்துப் போடுவார்கள், எல்லாருக்கும் போடுகிற அளவே எனக்கும் போடுங்கள் என்பாள். ஆபீசில் நொமோதோவின் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு நல்ல அம்மாவாக வருவாய் என்கிற மாதிரி ஒருத்தர் சொல்வார், எனக்குப் பிடித்ததால் எனக்காகச் சமைக்கிறேன், அதையும் ஆம்பளைக் கணக்கில் எழுதுகிறார்களே என்று அவளுக்கு எரிச்சல் வரும். பெரிய பானையை இரண்டு பேருமாகக் காலி பண்ணுவதுதான் பாதிக் கதை. அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, சேர்ந்து இருக்கலாமா என்று வாடகை வீடு தேடுகிறார்கள்.

அதைப் பார்த்த ராத்திரி எனக்கு உளுந்தஞ்சோறு ஞாபகம் வந்துவிட்டது, அக்கா. ஞாயிற்றுக்கிழமை சின்ன அத்தை வீட்டு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். லீலா டீச்சர் அடுப்படியில், அத்தை ஊஞ்சலில் பேப்பர் கட்டைத் திருத்திக்கொண்டு, உப்புப் போதுமா என்று உள்ளேயிருந்து சத்தம் வரும், அத்தை வாயில் போடாமலேயே போதும் என்பாள். நீயும் நானும் கிணற்றடியில். இங்கே தொலி உளுந்து வாங்க டோக்கியோவில் நிஷி-கசாய் வரை போகவேண்டும், நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிற பகுதி, டிக்கெட் செலவைப் பார்த்து நான் போகவில்லை. வெறும் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சரி, அதை விடு.

இன்னும் ஒன்று சொல்கிறேன், நீ சிரிப்பாய். நம் அத்தான் மகள் டிவியில் பார்க்கிற சைலர் மூன் தெரியுமல்லவா, அதில் ஹருகா, மிச்சிரு என்று இரண்டு பெண்கள், ஜப்பானில் அவர்கள் காதலிகள். அமெரிக்காவில் ஆங்கிலக் குரல் சேர்த்தபோது அவர்களை ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கிவிட்டார்கள். மூலை அறை அம்மா இதைச் சொல்லிச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீலா டீச்சர் யார் என்று வருகிறவர்கள் கேட்டால் நம் ஆச்சி என்ன சொல்வாள்? சின்னவளுக்குத் தூரத்துச் சொந்தம் என்றுதானே.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். அந்த யோஷியா நொபுகோ இருக்கிறாரே, அவர் எழுதியதுபோலப் பிரியவில்லை. 1923-இல் மொம்மா சியோ என்ற பெண்ணைச் சந்தித்தார், பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆமாம், கணக்கு டீச்சர்தான். 1973-இல் நொபுகோ சாகும்வரை, ஏறக்குறைய ஐம்பது வருஷம், இரண்டு பேரும் ஒன்றாகவே இருந்தார்கள். சட்டப்படி உறவாக வேறு வழி இல்லாததால் 1957-இல் நொபுகோ தன்னைவிடச் சில வயதே சின்னவளான சியோவை மகளாகத் தத்து எடுத்துக்கொண்டார். இங்கே பெரியவர்களையும் தத்து எடுக்கலாம். வீடு காமகுராவில் ஹாசே பக்கம் இருக்கிறது, இப்போது நகராட்சியின் நினைவு இல்லம், எல்லா நாளும் திறந்திருக்காது. இன்றைக்கும் இந்த நாட்டில் இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. 2015-இல் ஷிபுயா போன்ற டோக்கியோ வட்டாரங்கள் ஒரு சான்று கொடுக்கத் தொடங்கின, அதை வைத்துச் சொத்துரிமை கேட்க முடியாது. 2021-இல் சப்போரோ நீதிமன்றம் இப்படி மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றே சொல்லிவிட்டது, சட்டம்தான் நகரவில்லை.

சின்ன அத்தையும் டீச்சரும் என்னவாக இருந்தார்கள் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை, நீயும் என்னிடம் கேட்காதே. அந்த வீட்டுக் கடனில் பாதி டீச்சர் சம்பளத்தில் கட்டியது, அம்மாவுக்கே தெரியும். அத்தை உயில் எழுதாமல் போனதால் பெரியப்பா, சித்தப்பா, அப்பா பங்குக்கு அம்மா, நீ, நான், இவ்வளவு பேரும் வாரிசு, டீச்சர் மட்டும் யாருமில்லை. வைகாசிக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா என்று நீ எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காலி செய்து எங்கே போவார்?

பவர் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். டோக்கியோ தூதரகத்துக்குப் போக எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சித்தப்பாவிடம் சொல்லு, அதுவும் பொய்யில்லை. என் பங்குப் பணம் எனக்கு இப்போது உதவும்தானே என்று நீ கேட்டிருந்தாய், இங்கே எனக்கு ஒரு முடையும் இல்லை. இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைத்துத்தான் அனுப்புகிறேன், யென் விலை இறங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான், அம்மாவிடம் இதைப் பெரிதுபடுத்தாதே.

நீயும் அம்மாவும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மூலப் பத்திரம் டீச்சரிடம்தான் இருக்கும், சித்தப்பா ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று நீயே நேரில் போய்ச் சொல்லு. வீட்டு வரி ரசீதும் கடன் கட்டிய பேங்க் புத்தகமும் டீச்சர் பேரில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து போட்டோ எடுத்து அனுப்பு. நம் மூன்று பேர் பங்கை டீச்சர் பேருக்கு எழுதி வைக்க என்ன செலவாகும், இல்லாவிட்டால் அவர் காலம் வரை அங்கேயே இருக்கும்படி எழுத முடியுமா என்று அத்தான் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் கேட்கட்டும், சித்தப்பாவின் வக்கீலிடம் வேண்டாம். பெரியப்பா அவ்வளவு மோசமில்லை, அத்தைக்கு உடம்பு முடியாதபோது டீச்சர்தான் ராத்திரியெல்லாம் முழித்திருந்தார் என்று அவர் முன்னால் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்ல அம்மாவைச் சம்மதிக்க வைப்பது உன் பொறுப்பு.

வள்ளியூர் வரனைப் பற்றி எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தில் இடமில்லை.

டீச்சர் தானாகவே தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சொன்னால் நம்பிவிடாதே. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று அப்படித்தான் சொல்வார். பெட்டி கட்டியிருந்தால் நீயே அவிழ்த்து வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: அம்மாவின் பிரஷர் மாத்திரை தீரும் முன்பே வாங்கி வை. போன தடவை மாதிரி பாதி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கிறாளா என்று பார்.