தம்பியின் கணக்குக் கொப்பி

கொக்குவில்,
பங்குனி 18

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்து இரண்டு கிழமையாகிறது. மருமகனுக்கு, மனம் ஒரு காலம் சோர்ந்தும் ஒரு காலம் அளவுமீறி எழுந்தும் போகும் இருமுனை மனநிலைக் கோளாறு என்று ரொறன்ரோவில் வைத்தியர் சொன்னதையும், மனச்சோர்வுக் குளிசை தொடங்கிய பிறகு அவன் படித்ததை மறக்கிறான் என்று அக்கா அழுததையும் எழுதியிருந்தீர். மருந்து மூளையை மழுங்கடிக்குமா என்ற உமது கேள்வி என் வீட்டிலும் பல வருடம் குடியிருந்த கேள்விதான், தம்பிக்கும் அதே நோய்.

தம்பி சங்கக்கடையில் கணக்கெழுதியவன் என்பது உமக்குத் தெரியும். ஒரு பக்கத்து இலக்கங்களைக் கண்ணாலேயே கூட்டி அடியில் தொகையைப் போட்டுவிடுவான். போன வருடம் அவனுடைய கொப்பியைத் திறந்தபோது, ஒவ்வோர் இலக்கத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சிறு புள்ளி இட்டிருந்தான். "எதுவரை கூட்டினேன் என்பது மறந்துபோகிறது அண்ணா" என்றான். பழியை நாங்கள் அவன் எடுத்துவந்த புளுவொக்ஸ்ரீன் என்ற மனச்சோர்வுக் குளிசை மீது போட்டோம். அவனும் யாரிடமும் கேளாமல் அதை நிறுத்தினான். ஒரு மாதத்துக்குள் பாயை விட்டு எழும்பாதவனாகிவிட்டான். புள்ளிகள் குறையவில்லை, கொப்பியே மூடிக் கிடந்தது.

கிளினிக்கில் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். இந்த நோயில், மனநிலை சீராக இருக்கும் காலத்திலும் பலருக்குக் கவனம், புதியதை நினைவில் வைத்தல், திட்டமிடல் ஆகியவை சற்றுக் குறைந்தே இருக்குமாம். சோர்வு வந்தால் இன்னும் மந்தமாகும். மனச்சோர்வுக் குளிசை எடுப்பவர்களின் ஞாபகசக்தி குறைவாக இருந்தாலும், அதிகம் சோர்ந்தவர்களுக்குத்தானே அதைக் கொடுக்கிறார்கள்? குடை பிடித்தவர்கள் நனைந்திருக்கிறார்கள் என்பதற்காகக் குடையா நனைத்தது என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

ஆனாலும் எல்லாக் குளிசைகளும் ஒன்றல்ல. முதுகுநோவுக்கும் நித்திரைக்கும் என்று வேறோர் இடத்தில் எழுதிக்கொடுத்த அமிற்றிப்ரிலீனைத் தம்பி இரவில் போட்டுவந்தது கிளினிக் கொப்பியில் இருக்கவில்லை. அது பழைய வகை மனச்சோர்வு மருந்து. மூளையில் செய்தி கடத்துவதும் நினைவுக்கு வேண்டியதுமான அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தின் வேலையைத் தடுப்பது. உடல் விறைப்புக்கென்று கொடுத்த பென்ஸ்ஹெக்சோலும் அதையே செய்வது. ஒரே கதவை இருவர் தள்ளிப் பூட்டியது போலிருந்தது. வைத்தியர் இரண்டையும் படிப்படியாகக் குறைத்தார். மனநிலையை உறுதிப்படுத்தும் லித்தியம் எடுப்பவன் என்பதால் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியையும் சோதித்தார், ஏனெனில் லித்தியத்தால் அதன் சுரப்புக் குறைந்தாலும் புத்தி மந்தமாகும். இரத்தத்தில் லித்தியத்தின் அளவையும் பார்த்தார். எங்கள் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் திரிந்தாலோ, நோவுக்கு ஐபுபுரொஃபன் போட்டாலோ அது ஏறிவிடும். புளுவொக்ஸ்ரீனை மறுபடி தொடங்க வேண்டியிருக்கவில்லை. இப்போது புள்ளிகள் பாதிப் பக்கத்தில்தான்.

மனச்சோர்வுக் குளிசையால் பயன் உண்டா என்பது வேறு கேள்வி. 2007 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மனநிலை உறுதிப்படுத்தும் மருந்தோடு அதையும் சேர்த்து எடுத்தவர்களில் 23.5 வீதமானோரும், மருந்தில்லாத போலிக் குளிசையைச் சேர்த்து எடுத்தவர்களில் 27.3 வீதமானோரும் நிலைத்துத் தேறினார்கள். 366 பேரை 26 கிழமை வரை கவனித்திருந்தார்கள். சேர்த்ததால் மிகைமனவெழுச்சி, அதாவது மனம் அளவுமீறி எழுவது, கூடவும் இல்லை. சிலருக்கு அது உதவும் என்றே எங்கள் வைத்தியரும் சொல்கிறார், ஆனால் தனியாக மட்டும் கொடுப்பதை அவர் விரும்புவதில்லை.

ஆகவே அக்காவிடம் சொல்லும், அவன் குளிசையைத் தானாக நிறுத்தவேண்டாம். இருமலுக்கு, நோவுக்கு, நித்திரைக்கு என்று போடுபவை உட்பட எல்லாவற்றின் பெயரையும் ஒரே தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டட்டும். மறதி தொடங்கியது குளிசைக்கு முன்பா பின்பா என்பதையும், நித்திரை எப்படி என்பதையும் அதிலேயே குறிக்கட்டும். லித்தியமோ வேறு உறுதிப்படுத்தும் மருந்தோ அவனுக்கு உண்டா என்று நீர் எழுதவே இல்லை, அதை முதலில் கேளும்.

தம்பி உம்மை விசாரித்தான். பாடசாலைக்கு நீர் ஓடிவந்த சைக்கிளின் இலக்கத்தை இன்னும் பிழையின்றிச் சொல்கிறான். காலையில் குளிசை போட்டேனா என்பதைத்தான் என்னிடம் கேட்கிறான்.

அன்புடன்,
உமது பழைய வாங்குத் தோழன்