ஆரஞ்சுக் கயிற்றுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நடைத் தோழர்களுக்கும், இதைப் படிக்கவே போகாத சில சசெக்ஸ்காரர்களுக்கும்,

மார்ச் கடைசிச் சனிக்கிழமை இங்கிலாந்தின் சசெக்ஸில் இருக்கும் சௌத்தீஸில் ரயிலை விட்டு இறங்கி, சௌத் டவுன்ஸ் மலைமுதுகு வழியாக ஆல்ஃபிரிஸ்டன் வரை சுமார் 11 கிலோமீட்டர் நடந்தோம் அல்லவா? எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்ததாகக் குழுவில் எழுதியிருந்தீர்கள். நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, வழி பார்த்த அண்ணாவுக்கு. ஏறுவதற்கு முன்பே சௌத்தீஸ் தேவாலயத்தின் வட்டக் கோபுரத்தைக் காட்டினார். சசெக்ஸில் இப்படி மொத்தம் மூன்றுதான், மூன்றும் ஊஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன. இட்ஃபோர்டு ஏற்றத்தில் நான் மூச்சு வாங்கியபோது தன் கைத்தடியையும் கொடுத்தார்.

முந்தின நாள் மழை. சீமைச்சுண்ணாம்பு என்று நம்மவர்கள் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். சீமையில் இந்த மலையே அதுதான். நனைந்தால் சோப்புக்கட்டி போல வழுக்கும், ஒட்டினால் இட்லி மாவு போல அப்பிக்கொள்ளும். 217 மீட்டர் உயர ஃபர்ல் பீக்கன் உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அந்த மாவு என் வலது ஷூவின் அடியைப் பிடித்து இழுத்தது. ஷூ வாயைப் பிளந்துவிட்டது. நான்கு வருடம் அலமாரியில் கிடந்ததை ஒருமுறை வளைத்துக்கூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு வந்தது என் தப்பு.

அப்போதுதான் சினை ஆடுகளைப் பார்க்க நான்கு சக்கர பைக்கில் அந்த விவசாயி வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து வைக்கோல் கட்டு கட்டும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிற்றை உருவினார். சேற்றிலேயே முழங்கால் போட்டு, பாதத்துக்கு அடியில் இரண்டு சுற்று, மேலே குறுக்காக ஒன்று, கணுக்காலில் ஒரு முடிச்சு. மிச்சத்தைக் கத்தியால் அறுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டார். “பப் வரைக்கும் தாங்கும்” என்றார். நான் நன்றி சொல்வதற்குள் பைக் கிளம்பிவிட்டது. அவர் கைகளில் ஆட்டு வாசனை அடித்தது. பெயர் கேட்கத் தோன்றவில்லை.

கடைசி நாலைந்து கிலோமீட்டரும் என் நடைக்கு ஈடு கொடுத்து வந்த அக்காவுக்கு நன்றி. என் கவலையைத் திருப்பத்தான் வானம்பாடியையும், இலை வருமுன்பே வெள்ளையாகப் பூத்திருந்த முள்மரத்தையும் காட்டிக்கொண்டே வந்தார் என்று நினைக்கிறேன். புளியோதரைக்குத் தனி நன்றி.

ஆல்ஃபிரிஸ்டனில் நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டு வந்த அந்தக் கூரை வேய்ந்த பழைய வீடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1896-ல் 10 பவுண்டுக்கு வாங்கிய முதல் கட்டடம். கூடத்துத் தரையே இந்தச் சுண்ணாம்பை இடித்துப் போட்டுப் புளித்த பாலால் மெழுகியதாம். அப்படிப்பட்ட தரையில் இந்தக் காலோடு ஏற எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னோடு புல்தரையில் உட்கார்ந்து அதைப் பார்க்காமலே விட்ட தம்பிக்கு, அடுத்த முறை டிக்கெட் என் செலவு.

அப்புறம் அந்த வயதான தம்பதி. மறுநாள்தான் கோடைக்காக இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள், அன்று ஆறரைக்கெல்லாம் சூரியன் போய்விட்டது. பஸ் நிறுத்தத்தில் என் காலைப் பார்த்துவிட்டு, பெர்விக் ரயில் நிலையம் வரை காரில் கொண்டுபோய் விட்டார்கள். சேறு ஆகிவிடுமே என்றேன். “அது நாய் உட்காரும் சீட்” என்று அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டார். நாய்தான் பாவம், வழி முழுக்க என் மடியில் உட்கார்ந்து வந்தது.

கயிறு வீடு வரைக்கும் தாங்கியது. அண்ணா, உங்கள் கைத்தடி என்னிடம்தான் இருக்கிறது. ஈஸ்ட்போர்ன் நடைக்குக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
புது ஷூ வாங்கிவிட்டவன்